பெரிய டாங்கின் தண்ணீர்

நாள் 201, காலை 8.10

காற்றழுத்தம் சரி. ஆக்சிஜன் சரி. ஆட்கள்தான் சரியில்லை. அது வழக்கம்தான்.

இதை எப்போதாவது எவராவது எடுத்துப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். நான் செண்பகவல்லி, சொந்த ஊர் கோவில்பட்டி, நிலவின் தென்துருவத்தில் இருட்டுக்குழி நிலையத்தின் டாக்டர். இந்தக் குழிக்குள் வெயில் எட்டிப்பார்ப்பதே இல்லை. அடியில் உறைந்து கிடக்கும் பனியைத் தோண்டி, உருக்கி, தண்ணீராக்கி, நிலவைச் சுற்றிவரும் மேல்நிலையத்துக்கு அனுப்புவதுதான் எங்கள் பிழைப்பு. மேலே நாற்பது பேர். இங்கே ஐந்து பேர். மேனேஜர் கோட்டைச்சாமி, பனி தோண்டும் மாசாணம், குழாய் மோட்டார் எல்லாம் பார்க்கும் குபேந்திரன், பயிர்க்கூடத்தில் கீரை வளர்க்கும் நிலோபர், பிறகு நான்.

மூன்று நாள் முன்பு தண்ணீர்க் கப்பல் வந்து, சாமான்களை மட்டும் இறக்கிவிட்டுப் போனது; பெரிய டாங்க் இன்னும் நிரம்பாததால் இந்தத் தடவையும் தண்ணீர் ஏற்றவில்லை. பைலட் அருளானந்து மூக்கைச் சிந்திக்கொண்டே இறங்கினான். மாஸ்க் போடு என்றேன். தூசி அலர்ஜி என்று சிரித்துவிட்டு, எல்லாரோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டான். மேனேஜரும் சேர்ந்து சிரித்தார். இப்போது மேனேஜர் தும்முகிறார். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

நாள் 203, காலை 9.00

நால்வருக்கும் சளி. எனக்கும் தொண்டை கரகரப்பு. பரிசோதனைப் பட்டையில் சாதாரண ஜலதோஷ வைரஸ்தான் வந்தது.

எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னேன். மூக்கிலும் தொண்டையிலும் நின்றால் அது மேல்பாதைத் தொற்று. பெரும்பாலும் வைரஸ். அதற்கு மருந்து, வெந்நீரும் தூக்கமும் பொறுமையும். நுரையீரலுக்குள் இறங்கினால் கீழ்ப்பாதை. அப்போதுதான் நான் பயப்படுவேன், நீங்களும் பயப்படலாம். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. மூன்று தடவை சொன்னேன்.

இங்கே ஷவர் கிடையாது, நான் ஈரத்துணியால் உடம்பு துடைக்கப் போன நேரத்தில் மேனேஜர் தன் சாவியைப் போட்டு மருந்து அலமாரியைத் திறந்து, அசித்ரோமைசின் அட்டைகளை எல்லாருக்கும் பங்கு வைத்திருக்கிறார். ஊரில் மெடிக்கல் ஷாப்காரன் சளி என்றதும் கிள்ளிக் கொடுப்பானே, அந்த மூன்று மாத்திரை. ராமநாதபுரத்தில் அவர் குடும்பமே அதில்தான் பிழைத்ததாம். இருந்ததே பத்து அட்டை. மூன்று நாளாகியும் கேட்கவில்லை என்றால் இன்னும் மூன்று போடலாம் என்று ஆளுக்கு இரண்டாகக் கொடுத்திருக்கிறார். எனக்கும் மேசைமேல் இரண்டு அட்டை வைத்திருந்தார். தூக்கி எறியப் போய், மனசு வராமல் இழுப்பறையில் போட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அந்த ஆள் காதில் வாங்கவே இல்லை.

நாள் 205, மாலை 5.20

இருந்த ஒரே மின்கெட்டிலையும் கம்பெனி தடை செய்துவிட்டது. போன மாதம் மாசாணம் அதில் முட்டை வேகவைத்து வயரைக் கருக்கிவிட்டான். அதனால் ஆவி பிடிக்க வழியில்லையே என்று ஒரே புலம்பல். நிலவுக்கு வந்தாலும் சளி பிடித்தால் போர்வையைப் போர்த்திக்கொண்டு குண்டானுக்குள் முகத்தை நுழைக்காவிட்டால் நம் ஆட்களுக்குத் தூக்கம் வராது.

நிலோபர் வழி கண்டுபிடித்திருக்கிறாள். பயிர்க்கூடத்தில் செடிகளுக்குப் பனிபோல் நீர் தூவும் மிஸ்ட் மெஷின் இருக்கிறது. அங்கே குழாய்த் தண்ணீர் எப்படியோ வெதுவெதுப்பாகவே வருகிறது. அதை மெஷினில் ஊற்றி, ஓமவல்லி இலை நாலைக் கசக்கிப் போட்டு, தலைக்குமேல் பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டால் ஆவி தயார். வரிசையில் நின்று பிடித்தார்கள். குபேந்திரன் மட்டும் வரவில்லை. பனி தோண்டும் துளைவண்டிக்குள் ஒருமுறை இருட்டில் மாட்டிக்கொண்டதிலிருந்து கண்ணை மூடித் துணி விழுந்தால் அவனுக்கு உயிரே போய்விடும்.

நானும் போகவில்லை. கோபம். ஆனால் தடுக்கவும் இல்லை. ஈரக்காற்று தொண்டைக்கு இதம்தான், போய்த் தொலையட்டும் என்று விட்டேன்.

நாள் 209, மதியம் 1.00

சளி எல்லாருக்கும் வடிந்துவிட்டது. மூன்று மாத்திரை செய்த வேலை என்று மேனேஜர் மார்தட்டுகிறார். ஒன்றும் சாப்பிடாத எனக்கும் அதே நாளில்தான் சரியானது. சொல்லிப் பிரயோஜனமில்லை.

சளி போயும் ஆவிப் பழக்கம் போகவில்லை. வேலை முடிந்ததும் மாசாணமும் மேனேஜரும் பெட்ஷீட்டுக்குள் போய்விடுகிறார்கள். அலுப்பு தீருகிறதாம்.

நாள் 212, காலை 7.30

மாசாணம் எழுந்திருக்கவில்லை. பல் கிட்டும் நடுக்கம், காய்ச்சல் நூற்று நான்கைத் தாண்டுகிறது. வறட்டு இருமல். மூக்கில் ஒரு சொட்டு சளி கிடையாது. வயிற்றுப்போக்கும் இருக்கிறது. என்னைப் பார்த்து அவன் அத்தை பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தேன். வலது நுரையீரலின் அடிப்பாகம் கெட்டியாகிவிட்டது. நிமோனியா.

அதே சளிதான் கீழே இறங்கிவிட்டது. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வந்தது, இனியும் வரும். கடைசி கேபினில் தனியாகப் போட்டுப் பூட்டினேன். தலைமையகத்துக்கு என் கையெழுத்தோடு அறிக்கை அனுப்பினேன்: ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றும் கடும் சுவாச நோய்.

மாஸ்க் போடு என்று தொண்டை கிழியக் கத்தியபோது சிரித்தவர்கள்தானே. படட்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். அதையும் பதிவு செய்கிறேன்.

நாள் 213, காலை 10.40

குபேந்திரன் என் பேச்சைக் கேட்கவில்லை. பூட்டை நெம்பி உள்ளே போய், மாசாணத்தை மடியில் சாய்த்துவைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறான். மாஸ்க் இல்லை. மாசாணம் மிச்சம் வைத்ததை அதே கரண்டியில் இவன் குடிக்கிறான். வாய்க்கு வந்தபடி திட்டினேன். இன்டர்காமில் அவன் சொன்னது இது:

"ஒத்தையில கெடந்து சாகச் சொல்றீங்களா டாக்டரம்மா? என்னைய வேணா சேத்துப் பூட்டிக்கோங்க."

சேர்த்துப் பூட்டினேன்.

நாள் 215, மாலை 4.00

மாசாணத்துக்குப் போடும் ஆன்டிபயாடிக் ஊசி வேலை செய்யவில்லை. கிடங்கில் இருக்கும் வலுவான ஊசி அதுதான், இரண்டு வேளையும் போடுகிறேன், தண்ணீரை ஏற்றியமாதிரி இருக்கிறது. இன்னும் ஐம்பது ஊசி அனுப்பச் சொல்லித் தலைமையகத்துக்கு எழுதினேன்.

மேனேஜர் கடைசி கேபின் பக்கமே வருவதில்லை. தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, கையில் கால்மணிக்கு ஒருமுறை ஸ்பிரிட் தேய்த்துக்கொள்கிறார். மெஷினைக்கூடத் தன் அறைக்கே வரவழைத்துக்கொண்டார்.

நாள் 216, மதியம் 12.15

மாசாணம் இறந்துவிட்டான். வயது முப்பத்திரண்டு. கடைசிவரை குபேந்திரன் கையைப் பிடித்திருந்தான்.

எனக்கு அழுகை வந்தது. அழுது மூக்கடைத்து உட்கார்ந்திருந்தேன். நிலோபர் வந்தாள். மேனேஜர் அறையிலிருந்து மெஷினை வாங்கிவந்து, என் தலையில் பெட்ஷீட்டைப் போர்த்திவிட்டு முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். ஓமவல்லி வாசனை. இந்தக் குழிக்கு வந்ததிலிருந்து யாரும் என்னை இப்படித் தொட்டதில்லை. ரொம்ப நேரம் உள்ளேயே இருந்தேன்.

நாள் 217, காலை 8.50

மேனேஜருக்கு நடுக்கம். அதே காய்ச்சல், அதே வறட்டு இருமல். இரண்டு நுரையீரலும்.

தலைமையகத்திலிருந்து வந்த செய்தி:

"டாக்டர், உங்க ரிப்போர்ட்டை கமிட்டி பாத்துட்டாங்க. தொத்துநோய்ங்கறதால ஆட்களை ஏத்த முடியாது. கப்பல் இருநூத்தி இருபத்திரெண்டாம் நாள் வரும். தண்ணிய மட்டும் குழாய் வழியா ஏத்திக்கிட்டுப் போயிரும். நீங்க கேட்ட ஊசி ஐம்பதும் வெளியில வச்சுட்டுப் போவாங்க. ஏர்லாக் வாசல் பக்கம் யாரும் வரக்கூடாது."

ஆட்களை ஏற்றாவிட்டால் நாங்கள் பிழைக்க மாட்டோம். மேலே ஆஸ்பத்திரி இருக்கிறது, மருந்து இருக்கிறது. இதைச் சொன்னேன். என் அறிக்கையையே எனக்குத் திருப்பிப் படித்துக் காட்டினார்கள்.

நாள் 219, காலை 11.00

நிலோபரும் விழுந்துவிட்டாள்.

குபேந்திரன் நன்றாக இருக்கிறான். இதுதான் என் மண்டையைக் குடைகிறது. நாலு நாள் மாசாணத்தின் முகத்துக்கு நேரே மூச்சு விட்டவன், அவன் எச்சில் கரண்டியில் குடித்தவன். அவனுக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, நுரையீரல் பளிச்சென்று இருக்கிறது. அந்தப் பக்கமே எட்டிப்பார்க்காத மேனேஜர் படுத்துவிட்டார். தொற்றுநோய் என்றால் இது தலைகீழாக அல்லவா நடந்திருக்க வேண்டும்?

மாசாணமும் மேனேஜரும் நிலோபரும் செய்து, குபேந்திரன் செய்யாதது என்ன?

பெட்ஷீட்.

பயிர்க்கூடத்துக்கு ஓடினேன். நிலோபர் திருப்பி வைத்திருந்த மெஷினின் அடித்தட்டைக் கழற்றி விரலால் தடவினேன். பாசிபோல வழுவழுவென்று வந்தது. கொதிக்கும் தண்ணீரிலிருந்து ஆவி பிடித்திருந்தால் எந்தக் கிருமியும் உயிரோடு இருந்திருக்காது. இது கொதிக்கவைப்பதே இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரைச் சன்னத் துளிகளாக உடைத்து, கிருமியோடு அப்படியே நுரையீரலின் அடிவரை அனுப்பிவைக்கிறது.

லெஜியோனெல்லா வகைக் கிருமி என்று நினைக்கிறேன். வெதுவெதுப்பில் தங்கும் தண்ணீரில் வளரும். குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, துளியாக உள்ளே இழுத்தால் கொல்லும். ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவாது. நுரையீரலைக் காக்கும் செல்களுக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும், அதனால் நான் போட்ட ஊசி அதைத் தொடவே தொடாது. செல்லுக்குள் போய் அதைக் கொல்லும் மருந்து என்னிடம் இருந்தது. பத்து அட்டை இருந்தது. ஜலதோஷத்துக்குத் தின்று தீர்த்துவிட்டார்கள்.

இரண்டு நோய். முதலில் வந்தது சளி, தொற்றியது, போனது. பின்னால் வந்தது வேறு. ஒன்றின் மேல் ஒன்று வந்ததால் ஒன்றே என்று நினைத்துவிட்டேன். கோபத்தில் இருந்தேன், யோசிக்கவில்லை.

இழுப்பறையில் இரண்டு அட்டை. ஆறு மாத்திரை. மேனேஜருக்கும் நிலோபருக்கும் பிரித்தால் இரண்டு பேருக்கும் பற்றாது. நிலோபருக்கு இப்போதுதான் ஆரம்பம், பிழைக்க வைக்கலாம். ஆறையும் அவளுக்கே வைத்துவிட்டேன். மேனேஜரிடம் சொல்லவில்லை.

நாள் 220, காலை 9.30

தலைமையகத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஊசிக்குப் பதில் அசித்ரோமைசின் கேட்டேன். நாங்கள் யாருக்கும் நோய் கொடுக்க மாட்டோம், குபேந்திரனைக் கப்பலில் ஏற்றுங்கள், நிலோபரை ஏற்றுங்கள், நால்வரில் யாரையாவது ஏற்றுங்கள் என்று கெஞ்சினேன். என் வாயால் கெஞ்சினேன். பதில்:

"போன வாரம் தொத்துநோய்னு எழுதுனதும் நீங்கதான். கப்பல்ல எடம் இல்லைன்னதும் இப்ப தொத்தாதுங்கறதும் நீங்கதான். நாங்க எதை நம்ப?"

அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

நாள் 220, மதியம் 2.10

மெஷினைத் தூக்கிப் போட்டாயிற்று. ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. உருக்கிய பனித் தண்ணீர் சில்லென்றுதானே வர வேண்டும்? பயிர்க்கூடக் குழாயில் எப்படி வெதுவெதுப்பாக வருகிறது? நேற்றே பூட்டைத் திறந்து வெளியே விட்ட குபேந்திரன் மோட்டார் பக்கம் இருந்தான், இன்டர்காமில் கேட்டேன்.

"பெரிய டாங்குத் தண்ணிதான் டாக்டரம்மா எல்லாக் குழாய்க்கும் வருது. ரெண்டு மாசமா ஹீட்டர் போடறதில்ல. கரண்டை மிச்சம் பிடிக்கணும்னு மேனேஜர் சார் சொன்னாருன்னு, மோட்டாரைச் சுத்தி வர்ற சுடுதண்ணியத் திருப்பி டாங்குக்குள்ளயே விட்டுட்டேன். உறையாம வெதுவெதுன்னு கெடக்கும்ல."

வடிகட்டிக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டேன்.

"பின்னால."

டாங்கில் வளரும் கிருமியை வடிகட்ட எதுவும் இல்லை. அந்தப் பெரிய டாங்கைத்தான் நாளை மறுநாள் கப்பல் உறிஞ்சிக்கொண்டு போகிறது. மேலே நாற்பது பேர்.

நாள் 220, மாலை 6.00

தண்ணீரைத் தொடாதீர்கள் என்று தலைமையகத்துக்கு ஏழு முறை அனுப்பினேன். எட்டாவது முறை அனுப்பியபோது திட்டினேன். திட்டியிருக்கக் கூடாது.

"கப்பலை மிரட்டி நிறுத்தப் பாக்கறீங்க. இனிமே பைலட்டைக் குழப்ப வேண்டாம். உங்க பக்கத்து அனுப்பு லைனை மூடறோம். அறிவிப்புகளை நீங்க கேட்டுக்கலாம்."

சிவப்பு விளக்கு எரிகிறது. எங்களுக்குக் கேட்கும். நாங்கள் பேசினால் எங்கும் போகாது. மேனேஜரின் ரகசிய எண்ணைப் போட்டால் திறக்கும். மேனேஜரிடம் கேட்டேன். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஒரு எண் சொல்கிறார், ஒன்றும் பொருந்தவில்லை. நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த மூன்று மாத்திரையில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

நாள் 222, காலை 10.00

கப்பல் இறங்கிவிட்டது. இரண்டு நாள் முயன்றும் டாங்கைக் காலி செய்ய வழியில்லை, அதன் வால்வை மூடவும் முடியாது, கப்பல் பக்கமிருந்துதான் அதை இயக்குகிறார்கள். குழாயைப் பிடுங்கிவிடுகிறேன் என்று குபேந்திரன் உடையை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினான். ஏர்லாக் திறக்கவே நேரமாகிவிட்டது. அவன் போய்ச் சேர்ந்தபோது குழாயைக் கழற்றி உள்ளே இழுத்தாகிவிட்டது. கப்பலுக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் தலைக்குமேல் ஆட்டினான். விழுந்து எழுந்து ஆட்டினான்.

ஸ்பீக்கரில் அருளானந்து குரல், மூக்கடைத்துக்கொண்டு:

"மேல்நிலையம், நான் கெளம்புறேன். டாங்க் ஃபுல். குபேந்திரன் வெளிய வந்து கை காட்டுதான். பாவம் பய. நானும் காட்டுனேன். எல்லார்ட்டயும் சொல்லுங்க, ரெண்டு மாசமா குளிக்காமக் கெடக்கீங்கல்லா, இன்னைக்கு ஷவரைத் தொறந்து ஆசைதீரக் குளிங்க. தண்ணி வெதுவெதுன்னு நல்லா இருக்கு."

நான் மைக்கில் கத்தினேன். சிவப்பு விளக்கு. கத்திக்கொண்டே இருந்தேன்.

வெளியே ஐம்பது ஊசியும் பத்திரமாக ஒரு பெட்டியில் இருந்தன.

நாள் 224, காலை 9.00

மேனேஜர் கோட்டைச்சாமி இறந்தார். ரகசிய எண்ணும் அவரோடு போய்விட்டது. நிலோபருக்குக் காய்ச்சல் இறங்குகிறது. அவள் பிழைப்பாள்.

எனக்குக் காலையிலிருந்து குளிர்கிறது. குபேந்திரனிடம் சொல்லவில்லை. அவன் ஓயாமல் ரேடியோப் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். அனுப்பும் பாகம் எங்கள் பக்கம் பழுதில்லை, பூட்டு அவர்கள் பக்கம் இருக்கிறது என்று சொன்னேன். தெரியும் என்கிறான், கழற்றுகிறான்.

நாள் 227

மூச்சு வாங்குகிறது. ஆக்சிஜன் போட்டிருக்கிறேன். எழுத்து கோணலாகப் போகிறது.

படிப்பவர்களுக்கு. இங்கே வந்தால் பயப்படாதீர்கள். எங்கள் பக்கத்தில் உட்காரலாம், தொடலாம். குபேந்திரன் என் தலையைத் துவட்டிவிடுகிறான், அவனுக்கு ஒன்றும் ஆகாது. குழாயை மட்டும் திறக்காதீர்கள். கொதிக்கவைக்காமல் எதையும்

பிறகு எழுதுகிறேன்.

நாள் 229

அருளானந்து கூப்பிட்டான். அனுப்பு லைனை மூடிய விஷயம் அவனுக்குத் தெரியாது போலிருக்கிறது. யாரும் சொல்லவில்லை. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். குபேந்திரன் தாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

"டாக்டர், அருளானந்து பேசுதேன். இங்க ஒம்பது பேருக்குக் காய்ச்சல். எனக்கும் ஒரே இருமல். உங்க ரிப்போர்ட்ல இருந்த மாதிரியே எல்லாரையும் ஒரே கேபின்ல போட்டுப் பூட்டியாச்சு. தொண்டைக்கு எதமா இருக்கட்டும்னு ஷவரத் தொறந்துவிட்டு ஆவி பிடிக்கச் சொல்லியிருக்கோம். ஊசி போடுதோம், கேக்க மாட்டேங்குது. வேற என்ன செய்யணும்? ஒரு வார்த்த சொல்லுங்க."

பட்டனை அழுத்தினேன். சிவப்பு. ஷவரை மூடு, ஷவரை மூடு, அசித்ரோமைசின் கொடு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நிலோபர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அவளும் மைக்கில் கத்தினாள். குபேந்திரன் பெட்டியைக் குத்தினான்.

அவன் காத்திருந்தான். இருமினான். பிறகு

"டாக்டர்? கேக்குதுல்லா? ஏன் பேச மாட்டேங்குதீங்க? அன்னைக்கு மாஸ்க் போடலன்னு இன்னும் கோவமா இருக்கீங்களா?"